மேஸ்திரியிடம் சிக்கிய வீடு

தங்கவயலின் மாரிகுப்பத்து லைன் வீட்டைப் புதுப்பிப்பது என்றால் ஷீட்டையோ ஓட்டையோ இறக்கிவிட்டுத் தளம் போடுவதுதான் முதல் ஆசை. சுரங்கக் கம்பெனி தொழிலாளர் குடும்பங்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட சின்ன வீடுகள் அவை. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடிவதற்குள் ரயிலேறி இருட்டியபின் திரும்புகிறவருக்கு, பகலில் வீட்டில் நடந்தது என்ன என்பது மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். காண்ட்ராக்டர் தகராறுகளுக்கு இதைவிடத் தோதான நிலம் வேண்டாம்.

பேச்சு வாய்மொழியாகவே முடிகிறது: சதுரத்துக்கு இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு. லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் வீட்டுக்காரருடையது. பிறகு விரிசல் விட்டால் “நீங்க வாங்கின சிமெண்ட் அப்படி” என்று பதில் வரும். மெட்டீரியலோடு விட்டால் கலவையில் எத்தனை மூட்டை விழுந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. இரண்டிலும் ஒரு பொதுக் குணம் உண்டு: வேலைக்கு முன்னால் பணம் ஓடிவிடுகிறது. பாதி வேலை முடிவதற்குள் முக்கால் பணம் கைமாறியிருந்தால், காண்ட்ராக்டர் அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பெரிய ஆபத்து பழைய சுவரில் இருக்கிறது. 4 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, இரண்டேகால் டன்னுக்கும் மேல் கனக்கும். ஷீட்டைத் தாங்குவதற்கென எழுப்பிய சுவர் அதைத் தாங்குமா என்று அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தேவையானால் தூண் எழுப்ப வேண்டும். செலவு கூடும் என்பதால் குறைந்த ரேட் சொல்லும் மேஸ்திரி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அடுத்தது அவசரம். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, சாதாரண சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரமாக வைக்கச் சொல்கிறது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் 14 நாள். தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அந்த ஈரத்துக்காகத்தான். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை. அடுத்த சைட் காத்திருக்கும். எனவே பலகை முன்னதாகவே கழன்றுவிடுகிறது. மழைக்காலம் வந்து கூரையில் ஓதம் இறங்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அதற்குள் எல்லாவற்றையும் பூச்சு மூடியிருக்கும். விரலால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் இடங்களில் அந்தப் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

தங்கவயலில் காண்ட்ராக்டருக்கு இன்னொரு சாக்கும் கைவசம் உண்டு: பூமி. ஆழச் சுரங்கங்களில் பாறை வெடித்து மேலே வீடுகள் அதிர்ந்த வரலாறு இங்கே நெடியது. “இது சுரங்க அதிர்வு, என் வேலை இல்லை” என்று சொன்னால் சட்டென்று மறுப்பது கடினம். ஆனால் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் ஓடும் பிளவு, அக்கம்பக்கத்து வீடுகள் அப்படியே இருக்கையில், இணைப்பு வேலையைத்தான் முதலில் சந்தேகிக்க வைக்கும். தீர்மானிக்க வேண்டியவர் பொறியாளர். அவர் வருமுன் தேதியோடு எடுத்த படங்கள் இருந்தால் வேலை எளிது.

சட்டம் வீட்டுக்காரரைக் கைவிடவில்லை. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. 2008-இல் வந்த பகீர் சந்த் குலாட்டி வழக்கு இன்னும் நெருக்கமானது. டெல்லியில் ஒருவர் தன் பழைய வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்தார். ஒரு தளமும் ஒரு தொகையும் அவருக்கு, மீதித் தளங்கள் பில்டருக்கு. வேலையில் குறை என்று முறையிட்டபோது, இது கூட்டுத் தொழில், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று கீழ் அமைப்புகள் கதவைச் சாத்தின. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, அவர் நுகர்வோர்தான் என்றது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனைக்கு அல்லாத பழுதுபார்ப்பில் உதவாது. இதற்குரிய இடம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மாவட்ட ஆணையம். 2021 இறுதியில் வந்த விதிகளின்படி, செலுத்திய பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேயே. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். லைன் வீட்டுக்குப் பட்டா கைக்கு வராதவரும் தயங்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து வேலை வாங்கியவர் யார் என்பதே கேள்வி. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் நிரூபிக்க வேண்டும். யு.பி.ஐ. பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி, கடை ரசீது எல்லாம் அதற்கு உதவும். கையில் கொடுத்த நோட்டுக்குச் சாட்சி கிடைப்பது அரிது.

குறையைச் சரிசெய்யவும் நஷ்டஈடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். அதற்குக் கீழ்ப்படியாத காண்ட்ராக்டருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.