தொலைக்காட்சி: தெளிவாகவும் பார்ப்போம், பாதுகாப்பாகவும் பார்ப்போம்

பொழுது புலரும் முன்னரே மரம் வெட்டச் சென்று, பாலெடுத்து நிறுவையில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும் தோட்டப் பாட்டாளிக்கு, மாலையில் குடும்பத்தோடு அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பது நல்லதோர் ஓய்வு. நிகழ்ச்சியின் நடுவே படம் உறைந்து நின்றுவிட்டால், ஒருவர் உடனே கூரைமேல் ஏறுவார், மற்றொருவர் வீட்டினுள் நின்று, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு!" என்று குரல் கொடுப்பார். வேடிக்கையான காட்சிதான். ஆயினும் ஈரத் தகரக் கூரை, இரும்புக் குழாய், அருகில் செல்லும் மின்கம்பி ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால், அவ்வேலை உயிரையே பறித்துவிடும். படம் தெரியாமற்போவதன் காரணங்களை அறிந்துகொண்டால், பெரும்பாலான வேளைகளில் கூரைமேல் ஏறவேண்டிய தேவையே இராது.

மாறிய ஒளிபரப்பு

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. பழைய முறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் மாத இறுதிக்குள் நாடெங்கும் நிறுத்தப்பட்டு, இலக்கவியல் எனப்படும் டிஜிட்டல் ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிதல் வேண்டும். பழைய முறையில் அலை குறைந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும், நிழலுருவம் விழும், ஆயினும் ஏதோ ஒரு படம் தெரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் முறையில் அவ்வாறன்று. அலை போதுமான அளவில் இருக்கும்வரை படம் பளிச்சென்று தெரியும். அவ்வளவுக்குச் சற்றே குறைந்தாலும் படம் கட்டங்கட்டமாகச் சிதறும். பின்னர் அறவே மறைந்துவிடும். ஆகவே, நேற்றுவரை நன்றாகத் தெரிந்த படம் இன்று மறைந்துவிட்டது என்பதால் பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்துவிடலாகாது.

முதலில் வீட்டினுள் பார்ப்போம்

பழுதுபார்ப்பவருக்குப் பணம் கொடுக்கும் முன் நாமே சிலவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது, அண்டை வீட்டில் படம் தெரிகிறதா என்று கேட்கவேண்டும். அங்கும் தெரியவில்லையெனில் குறை ஒளிபரப்பில் இருக்கக்கூடும், பொறுத்திருப்பதே போதும். இரண்டாவது, தொலைக்காட்சியில் உள்ளீடு மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிள்ளைகள் கையில் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நேர்வதுண்டு. மூன்றாவது, ஏரியல் கம்பி பெட்டியில் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கம்பியின் நடுச்செம்பு அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியைத் தொட்டாலும், முனையில் மழைநீர் இறங்கிப் பச்சைப் பாசம் பிடித்தாலும் அலை வராது. நான்காவது, அலைவரிசைகளைத் தானியங்கி முறையில் மீண்டும் தேடச் செய்யவேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் குறை தீரவில்லையெனில், பெட்டியின் பட்டியலில் உள்ள அலையின் வலிமை, தரம் ஆகிய இரண்டையும் காட்டும் அளவுகோலைப் பார்க்கலாம். ஏரியலைத் திருப்பும்போது சிறிது திருப்பிச் சில விநாடிகள் காத்திருக்கவேண்டும். டிஜிட்டல் பெட்டி உடனே படத்தைக் காட்டிவிடாது. விரைந்து திருப்பினால் சரியான திசையைத் தாண்டிப் போய்விடுவோம்.

மரமும் மழையும்

நம் தோட்டங்களில் மற்றொரு காரணமும் உண்டு. இன்றைய ஒளிபரப்பு யு.எச்.எஃப். அலைவரிசையில் வருகிறது. இலை அடர்ந்த மரங்கள் இந்த அலையை மறைக்கும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் மிகுதியாக மறைக்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நன்றாகத் தெரிந்த படம், புதுத்தளிர் முற்றி இலை அடர்ந்தபின் தடுமாறுவது இதனாலேயே. மரமற்ற வெளியை நோக்கி ஏரியலை இடம் மாற்றுவதோ உயர்த்துவதோதான் இதற்குரிய வழி. அலையைப் பெருக்கும் பூஸ்டர் கருவி இல்லாத அலையை உண்டாக்கிவிடாது. ஒரே ஏரியலிலிருந்து இரண்டு பெட்டிகளுக்குக் கம்பி பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பாதி அலையே கிடைக்கும். வட்டுப் போன்ற செயற்கைக்கோள் ஏரியல் வைத்திருப்போருக்குப் பெருமழையின்போது படம் மறைவது இயல்பு. மழை ஓய்ந்ததும் அது தானே திரும்பும்.

கம்பமும் மின்னலும்

ஏரியல் கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் நடுதல் ஆகாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் அது இருக்கவேண்டும். கூரைவேலையை மழை நாளிலும், மாலை இருட்டிலும், தனியாகவும் செய்யவேண்டா. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்வித்தலே நன்று.

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. மின்னல் நம் வீட்டின்மேல்தான் விழவேண்டும் என்பதில்லை. தொலைவில் மின்கம்பியின்மேல் விழுந்தாலும் அந்த வேகம் கம்பிவழியே வீட்டிற்குள் வந்துவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் ஏரியல் கம்பியையும் கழற்றி வைத்துவிடவேண்டும். மின்னலைக் கண்ட 30 விநாடிகளுக்குள் இடியோசை கேட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் கம்பிகளைத் தொடாமல் விலகியிருப்பதே அறிவுடைமை. காலையில் வேலைக்குப் புறப்படும்போதே கழற்றி வைத்துவிட்டால், பகலில் பெய்யும் மழைக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

வீட்டினுள் மின்சாரம்

பிளக்கினுள் உள்ள பியூஸ் எரிந்துவிட்டால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் வழக்கம் சிலரிடம் உண்டு. பியூஸ் எரிவது நம்மைக் காப்பதற்காகவே. அந்தக் காவலை அகற்றிவிட்டால் அடுத்து எரிவது கம்பியாகவும் வீடாகவும் இருக்கும். முன்பிருந்த அளவுள்ள பியூஸையே வாங்கி இடுதல் வேண்டும். மின்கசிவைத் தடுக்கும் விசையிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். விசை விழாவிட்டால் அது பழுதாகிவிட்டது என்று அறியலாம்.

தொலைக்காட்சியின்மேல் சாமி விளக்கோ பூச்சாடியோ வைக்கவேண்டா. ஆடும் மேசையில் வைத்த பெட்டி, ஏறி விளையாடும் குழந்தையின்மேல் சாய்ந்து விழக்கூடும். சுவரோடு பிணைத்து வைத்தல் நன்று. பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியின் பின்மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அணைத்த பின்னரும் அதனுள் உயிரைப் போக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

எவரேனும் மின்சாரத்தால் தாக்கப்பட்டால், பதறிப்போய் அவரைத் தொட்டுவிடாதீர். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வெளியிலுள்ள மின்கம்பியால் தாக்கப்பட்டவரை, மின்சாரம் துண்டிக்கப்படும்வரை எவரும் நெருங்கலாகாது. உதவச் சென்றவரும் உயிரிழப்பது இவ்வாறுதான்.

ஒரு நாடகத்தின் ஓர் இரவுப் பகுதியை இழப்பதால் நமக்குக் குறையொன்றும் இல்லை. மழை விட்டபின், பகல் வெளிச்சத்தில், துணையோடு குறையைச் சீர்செய்துகொள்ளலாம். வீட்டார் எல்லாரும் நலமாகக் கூடி அமர்ந்து பார்க்கும்போதுதான் தொலைக்காட்சியும் இன்பம் தரும்.