இன்ஜின் நின்றால் விமானம் அப்படியே விழுந்துவிடுமா? நெடுஞ்சாலையில் இறங்கிய பயிற்சி விமானம் சொல்லும் பாடம்!

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது மூலக்குளம். வானில் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளில் சிலருக்காவது 'நானும் பைலட் ஆகணும்' என்ற ஆசை இருக்கும். அதைக் கேட்டதும் பெற்றோருக்கு வரும் முதல் பயம், 'நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டால்?' என்பதுதான்.

அடுத்தடுத்து இரண்டு சம்பவங்கள்

2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம், கோளாறு காரணமாக திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர்.

மறுநாளே, விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட் மூலம் தப்பினார்.

செஸ்னாவில் அந்த வசதி இல்லை!

செஸ்னா 172, ஒற்றை இன்ஜின் கொண்ட நான்கு இருக்கை விமானம். ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே குதிக்கும் வசதி இதில் கிடையாது. ஆனால், இன்ஜின் நின்றாலும் இறக்கைகள் வேலை செய்யும். சுமார் 3,000 அடி உயரத்தில் நின்றால், காற்றில் சறுக்கியபடியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போக முடியும்.

அந்தச் சில நிமிடங்களில் விமானி வேகத்தைச் சுமார் 125 கிலோமீட்டரில் வைக்க வேண்டும். வயலோ, காலிச் சாலையோ இறங்க இடம் பார்க்க வேண்டும். இன்ஜினை மீண்டும் இயக்கிப் பார்த்து, 'மேடே' என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். தரையைத் தொடும் முன் எரிபொருளை நிறுத்தி, கதவின் பூட்டை விடுவிக்க வேண்டும். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள்.

எல்லோருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை

தாழ்வாகப் பறக்கும்போது யோசிக்க நேரமே இருக்காது. 2022 பிப்ரவரி 26 அன்று தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் செஸ்னா 152 விமானம் விழுந்ததில், தனியாகப் பறந்த தமிழகப் பயிற்சி மாணவி உயிரிழந்தார்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். பள்ளிக்கு டிஜிசிஏ அனுமதி இருக்கிறதா, விமானங்களைப் பராமரிப்பது யார், அவசரத் தரையிறக்கப் பயிற்சி எத்தனை முறை தருகிறார்கள் என்று கேளுங்கள். விமான விபத்து விசாரணைப் பிரிவின் இறுதி அறிக்கைகள் அதன் இணையதளத்தில் கிடைக்கும். பணம் கட்டும் முன் அவற்றையும் படித்துவிடுங்கள்!