களமும் காயமும் – 11: ஒன்பது மாதம் கேட்கும் முழங்கால்

தோள்பட்டையைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் முழங்கால்.

கபடி ஆடுகிறவர்கள் ‘ஜவ்வு போச்சு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். டாக்டர் சீட்டில் ஏ.சி.எல். என்றிருக்கும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கும் நார் அது. கால் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் அறுந்துவிடும். யாரும் மோத வேண்டும் என்றுகூட இல்லை.

2016 ஆகஸ்ட் 17, ரியோ ஒலிம்பிக். காலிறுதியில் சீனாவின் சுன் யானனோடு மோதிக்கொண்டிருந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அதே மாதக் கடைசியில் அர்ஜுனா விருதை வாங்கிக்கொள்ளச் சக்கர நாற்காலியில் வந்தார். அடுத்த மே மாதம் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் வெள்ளி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே எதிரே வந்தவர் அதே சுன் யானன். அவரை வென்று, அன்றே தங்கமும் வாங்கினார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை இது. எனக்கு அவருடைய இரண்டாவது காயம்தான் முக்கியம்.

அதற்கு முன் கொஞ்சம் உடற்கூறு. அறுந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலாக, அறுவையில் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்று அது பலமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்த ஓட்டம் அறுபட்டு வந்த நார் என்பதால் முதல் வாரங்களில் அதன் செல்கள் மடிகின்றன. பிறகு புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, புதுச் செல்கள் உருவாகி, அது முறுக்கேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில், இரண்டு மூன்று மாதம் ஆகும் சமயத்தில், பொருத்திய நாளைவிட வலுக்குறைந்து கிடக்கிறது. வீக்கம் வடிந்து, வலி போய், ‘இனி ஓடலாம்’ என்று மனசு துள்ளுவதும் அப்போதுதான். பிசியோவுக்கும் ஆட்டக்காரருக்கும் சண்டை மூளும் காலம் என்று இதைச் சொல்லலாம்.

தொடையின் முன்தசை இன்னொரு தலைவலி. முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால் மூளையிலிருந்து அந்தத் தசைக்குப் போகும் கட்டளையே மங்கிவிடும். சில நாட்களில் தொடை இளைத்துப்போகும். அதனால் ஒலிம்பிக் ஆடியவராக இருந்தாலும் முதல் பாடம் படுக்கையில்தான். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், விட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். நூறு கிலோ தூக்கிப் பழகியவருக்கு இதைவிட அவமானமான பயிற்சி இருக்க முடியாது.

2016-இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 106 பேரைக் கவனித்து ஒரு கணக்கு சொன்னார்கள். அறுவைக்குப் பின் 9 மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பிசியோக்கள் வாயில் ‘ஒன்பது மாதம்’ அன்றிலிருந்து மந்திரமாகிவிட்டது.

இப்போது வினேஷின் காலண்டரைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 13, பயிற்சியில் இடது முழங்கால் போனது. 17-ஆம் தேதி மும்பையில் அறுவை. ரியோவில் விழுந்த அதே தேதி. ஒன்பது மாதம் என்றால் 2024 மே 17. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான கடைசித் தகுதிப் போட்டி இஸ்தான்புல்லில் மே 12-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆய்வு சொன்னபடி காத்திருந்தால் பாரிஸ் போயே இருக்க முடியாது.

அவர் காத்திருக்கவில்லை. ஆறு மாதம்கூட நிறையாத பிப்ரவரியில் ஜெய்ப்பூர் தேசியப் போட்டியில் தங்கம். மார்ச்சில் பாட்டியாலா தேர்வுப் போட்டியில் ஒரே நாளில் 50, 53 கிலோ என்று இரண்டு பிரிவிலும் இறங்கினார். ஏப்ரலில் பிஷ்கெக்கில் 50 கிலோவில் ஒலிம்பிக் இடம். ஆகஸ்ட் 6 அன்று பாரிஸில், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே அறியாத ஜப்பானின் யுயி சுசாகியைச் சாய்த்தார்.

ஏன் 50? அவர் பல ஆண்டுகளாக ஆடிய பிரிவு 53. அவர் படுத்திருந்த 2023 செப்டம்பரில் பெல்கிரேடு உலகப் போட்டியில் வெண்கலம் வென்று, 53-இல் இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை வாங்கிவிட்டார் இளையவர் அன்திம் பங்கல். அதில் யாரும் குறை சொல்ல ஏதுமில்லை. அதற்கு முன்பே மல்யுத்த வீரர், வீராங்கனைகள் நடத்திய தெருப் போராட்டத்தில் வினேஷ் பல மாதப் பயிற்சியை இழந்திருந்தார் என்பதும் உண்மை. பழுது பார்த்த காலோடு அவர் மூன்று கிலோ கீழே இறங்க வேண்டியிருந்தது. இறுதிப் போட்டியன்று காலை எடைக் கருவி 100 கிராம் கூடக் காட்டியதும் தகுதி இழந்தார். முந்தைய இரவு என்ன சாப்பிட்டார், யார் கவனிக்கவில்லை என்று நாடே விசாரணை நடத்தியது. என்னைக் கேட்டால் அந்த விசாரணையை ஓராண்டு முன்னால், பயிற்சி விரிப்பில் மடங்கிய இடது முழங்காலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

(தொடரும்)