மலைக்கு ஏற வேண்டிய மருத்துவம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து பிரியும் காட்டுவழி போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய அத்தோட்டத்தில் வேலைக்கு வந்து லயங்களில் குடியேறியோருள் தமிழர் பலர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர்கள் அயலாரல்லர். அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றிய கேள்வி நம் குடும்பங்களின் கேள்வியுமாகும்.

தோட்டத் தொழிலாளர்க்கு முதலாளியே வைத்திய வசதி அளிக்க வேண்டுமென்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. தோட்டம் செழித்தால் மருந்தகம் இருக்கும். தோட்டம் நலிந்தால் மருந்தகமும் நலியும். போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழில் நின்றதனால் இரத்தக் கொதிப்பு நின்றுவிடுமா?

காய்ச்சல் கண்டவர் ஒருமுறை மலையிறங்கி மருந்து வாங்கி வந்தால் போதும். நீரிழிவு அப்படிப்பட்டதன்று. ஆயுள் முழுதும் நாள் தவறாது மருந்து வேண்டும். உணவில் கட்டுப்பாடு வேண்டும். கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். வித்துராவில் தாலுகா மருத்துவமனை இருக்கிறது. அது பெரும் பேறே. ஆனால் தினக்கூலிக்குச் செல்பவர்க்கு மலையிறங்கிச் சீட்டு வாங்கிக் காத்திருக்கும் ஒரு நாள், கூலியிழந்த நாளாகும். நோவில்லாத வியாதிக்காக எத்தனை நாள் கூலியை இழப்பார்? மாத்திரை தீர்ந்தபின் 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடுவது இயல்பு. அதன் விலை பின்னால் பக்கவாதமாகவோ, ஆறாத கால்புண்ணாகவோ வந்து சேர்கிறது.

கேரளத்தில் இந்நோயின் பரப்பு சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு உள்ளோர் இந்தியாவில் நூற்றுக்கு 11.4 பேர் என்றும் கேரளத்தில் 25.5 பேர் என்றும் கணக்கிட்டது. எழுத்தறிவிலும் ஆயுளிலும் முன்னின்ற நாடு இதிலும் முன்னிற்கிறது!

இம்மாவட்டத்திலேயே, நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், இதற்கு வழி தேடிய ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சார்ந்த அச்சுதமேனன் நிலையத்தாரும் ஆஸ்திரேலிய அறிஞரும் சேர்ந்து நடத்தியது அது. முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுதமேனனின் பெயர் தாங்கிய அந்நிலையம், பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பை 1997இலேயே தொடங்கியது. ஆய்வாளர் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நோய் வரும் அபாயம் மிகுந்த 1,007 பேரைச் சேர்த்தனர். அபாயத்தை அளந்த முறை சென்னையில் உருவானது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோர்க்கு நோய் உண்டா என்னும் நான்கு கேள்விகள், அவ்வளவே. பாதிப் பகுதிகளில் சிறு குழுக்கள் அமைத்து, அவ்வூராரிலேயே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலைவராகப் பயிற்றினர். ஓராண்டில் 15 கூட்டங்கள்.

பலன் என்ன? இரண்டாண்டு கழித்துப் பார்க்கையில், குழுக்கள் இருந்த இடத்தில் நூற்றுக்கு 14.9 பேர்க்கும், இல்லாத இடத்தில் 17.1 பேர்க்கும் நீரிழிவு கண்டிருந்தது. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரலாம் என்பதனால், நோயைத் தடுத்துவிட்டோம் என்று ஆய்வாளர் பறைசாற்றவில்லை. 2018இல் உள்ளபடியே வெளியிட்டனர். இந்நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதேவேளை, குழுக்களில் இருந்தோர் காய்கனி உண்பது கூடிற்று. மது அருந்துவது குறைந்தது. மருத்துவரல்லாத ஊரார் இவ்வளவு செய்யக்கூடும் என்பது சிறு செய்தியன்று. லயத்திலும் இத்தகைய குழு கூடலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கருத்துத்தான்: நோயாளி மருத்துவத்தைத் தேடுவதினும் மருத்துவம் நோயாளியைத் தேடுவது எளிது.

அவ்வாறு தேடிச் செல்லும் மருத்துவர்க்குப் பயிற்சி எத்தகையதாதல் வேண்டும்? பெரிய மருத்துவமனைப் படுக்கையருகே கற்றவர், நோயாளியின் முற்றிய நிலையை அறிவார். அவர் மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதை அறிய லயத்துக்குத்தான் போக வேண்டும். மொழியும் அப்பயிற்சியில் ஒரு பாடமாக வேண்டும். மலையாளத்தில் நீரிழிவுக்குப் பிரமேகம் என்று பெயர். பழைய தமிழ் வழக்கிலோ மேகம், பிரமேகம் என்பன வெட்டை முதலிய வெட்கத்துக்குரிய நோய்களைக் குறிப்பன. முதிய தமிழ்ப் பெண்மணியிடம் 'உமக்குப் பிரமேகம்' என்று மருத்துவர் சொன்னால், அவர் தலைகுனிந்து வீடு திரும்பி எவரிடமும் வாய்திறவாதிருப்பதில் வியப்பென்ன? 'சர்க்கரை வியாதி' என்னும் இரண்டு சொற்களை அம்மருத்துவர் கற்றிருந்தால் போதுமே.

நம் சங்கக் குடும்பங்களுக்கும் இதில் வேலையுண்டு. நம்மவர்க்கு உடல் பருக்காமலே நீரிழிவு வருவதுண்டு. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எட்டினால் எச்சரிக்கை கொள்வது நலம். முப்பது வயது கடந்தோர் ஒருமுறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. பெற்றோர் ஊரிலிருந்தால், பணம் அனுப்புவதோடு நில்லாமல், அவர்கள் உண்ணும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அவர்களிடமும் ஒரு படி நம்மிடமும் வைத்திருத்தல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும்போது, மருத்துவரைக் கேளாமல் நம் ஊர் மாத்திரையைக் கொடுத்து அவர்களுடையதை மாற்ற வேண்டா. மாத்திரை எத்தனை மீதமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மிகுதியாக இருந்தால், ஏன் உண்ணவில்லை என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.