வெங்காயம் விளையும் ஊரின் பாண்

கலேவெலப் பேக்கரிகளின் கண்ணாடி அலுமாரியை, ஜேர்மன் பாண் பரிசோதகரின் ஆறு கேள்விகளோடு திறந்து பார்த்தால்...

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கும் திருகோணமலைக்கும் போகிற ஏ6 வீதியில், பயணிகளுக்குக் கலேவெல ஒரு தேநீர் நிறுத்தம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரைப் பேக்கரியின் கண்ணாடி அலுமாரி இழுத்துவிடும். மேல்தட்டில் மீன் பணிஸ், சீனிச்சம்பல் பணிஸ். நடுத்தட்டில் கிம்புலா பணிஸும் கேக் துண்டுகளும். கீழே ரோஸ் பாணும் இறாத்தல் பாணும். கையில் அகப்பட்டதைக் கடித்து, பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப ஏறிவிடுகிறோம். சோற்றுக்கு அரிசியைத் தேர்ந்தெடுப்பதில் எத்தனை நுணுக்கம் பார்க்கிறோம்! சம்பா, நாடு, கீரிச்சம்பா என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம். பாணுக்கு அந்த மரியாதையை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பாணுக்கு ஒரு பரீட்சை

ஜேர்மனியில் பாணைச் சுவைத்து மதிப்பிடுவதே ஒரு உத்தியோகம். ஜேர்மன் பாண் நிறுவனத்தின் பரிசோதகர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். பொதுமக்கள் பார்த்திருக்க மேசை போட்டு, அந்தந்த ஊர் பேக்கரிகள் கொண்டுவரும் பாண்களை அறுத்துப் பார்க்கிறார்கள். வடிவம் எப்படி, மேல்தோல் எப்படி, உள்ளே காற்றறைகள் சீராக விரிந்திருக்கின்றனவா, அழுத்தினால் திரும்ப எழுகிறதா, வாசனை என்ன, கடைசியாகச் சுவை என்ன என்று ஆறு கேள்விகள். மொத்தம் 100 புள்ளிகள். குறை இருந்தால் அது எதனால் வந்தது என்று பேக்கரிக்காரருக்கு விளக்கமும் உண்டு. அந்த நாட்டின் பாண் பதிவேட்டில் 3,000க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. 2014இல் ஜேர்மன் பாண் பண்பாட்டை அந்நாட்டு மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

இத்தனை வகை வந்ததற்கு மண்ணே காரணம். குளிரும் மணற்பாங்கும் மிகுந்த வடபகுதிகளில் கோதுமையைவிட ரை தானியம் நன்றாக வளர்ந்தது. ரை மாவில் மாச்சத்தை உடைக்கும் நொதிகள் அதிகம். அப்படியே சுட்டால் உள்ளே பசையாகிவிடும். புளிப்பு ஏறினால் அந்த நொதிகள் அடங்கும். அதனால் முதல்நாள் மாவைப் புளிக்க வைத்து, அந்தப் புளிமாவில் அடுத்த நாள் பாணைப் பிசைந்தார்கள். ரைப் பாண் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் 90 சதவீதமாவது ரை இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஊர் மண், ஊர்த் தானியம், அதற்கு ஏற்ற நேரம் என மூன்றும் சேர்ந்துதான் அவர்களுடைய பாணுக்கு முகவரி கிடைத்தது.

கலேவெலப் பாணுக்கு அப்படியொரு முகவரி உண்டா? அந்த ஆறு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பார்க்கலாம்.

போறணைக்குள்ளே

விறகுப் போறணை இன்னும் எரிகிற பேக்கரிகளில் ஊர் உறங்கும்போதே வேலை தொடங்கிவிடும். செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரைக்குக் கீழே, பாண் வேகப்போகிற அதே தரையில் விறகை எரிப்பார்கள். செங்கல் சூட்டைக் குடித்து முடித்ததும் தணலை வாரி ஒதுக்கி, நீளக் கம்பின் நுனியில் சுற்றிய ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். பிறகு ஒரு பிடி மாவைத் தூவிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் சூடு அதிகம், பொறுக்க வேண்டும். நிதானமாகப் பொன்னிறமானால் அச்சுகள் உள்ளே போகலாம்.

வெப்பமானி இல்லாத காலத்து ஐரோப்பியக் கிராமங்களிலும் சூட்டை இப்படித்தான் அறிந்தார்கள். தென்மேற்கு ஜேர்மனியில் மாவை மெல்லியதாகத் தட்டி, பாலாடையும் வெங்காயமும் பரப்பி, பாணுக்கு முன்னால் போறணைக்குள் தள்ளிச் சூட்டைச் சோதித்தார்கள். சோதனைக்குச் சுட்ட அந்தத் தட்டுக்குப் பிளாம்கூகன் என்று பெயர். இன்று உணவகங்களில் அதை விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இறாத்தல் பாண் ஒன்றோடொன்று ஒட்டியபடி வேகும். வெந்தபின் பிய்த்துப் பிரிப்பதால் தோல் மேலும் கீழும்தான். பக்கங்களில் மென்மையான நார் தெரியும். அந்த நாரைப் பாருங்கள். நீளமாக, இழை இழையாகப் பிரிந்தால் மாவை நன்றாகப் பிசைந்திருக்கிறார்கள், போதிய நேரம் பொங்கவும் விட்டிருக்கிறார்கள். பொடிப் பொடியாக உதிர்ந்தால் எங்கோ அவசரம் நடந்திருக்கிறது. விரலால் அழுத்துங்கள், குழி மெல்ல மேலே எழ வேண்டும். மேல்தோல் கறுப்புக்கு முன்னால் நிற்கிற கபில நிறத்தில் இருந்தால் அதில் லேசான கசப்போடு ஒரு இனிப்பு வரும். தேங்காய்ச் சம்பலின் உறைப்புக்கு அந்தத் தோல்தான் சரியான துணை.

ரோஸ் பாண் வேறு கதை. தட்டையாகத் தட்டில் வேகுவதால், உட்சதைக்கு ஈடாகத் தோலும் கிடைக்கிறது. பிய்க்கும்போது சத்தம் கேட்க வேண்டும். பருப்புக் கறியையோ மாட்டிறைச்சிக் கறியையோ அள்ளி எடுக்கிற உறுதி அதற்கு உண்டு. ஜேர்மன் பரிசோதகர் மேல்தோலுக்கென்று தனிப் புள்ளி வைத்திருப்பதன் நியாயம், சுடச்சுட ஒரு ரோஸ் பாணைப் பிய்க்கிறபோது புரியும்.

திருகோணமலை வீதியில் வரும் மா

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. போத்துக்கேயரோடு வந்த பாணும் போறணையும் இங்கேயே தங்கிவிட்டன. தானியம் மட்டும் இன்றுவரை கப்பலில்தான் வருகிறது. கலேவெலவிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியிலுள்ள வஹகோட்டையில், போத்துக்கேயப் படைவீரர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கச் சமூகம் அந்தோனியார் ஆலயத்தைச் சுற்றி வாழ்கிறது. கரையோரத்துக்கு வந்த ஒரு பண்பாடு மலையடிவாரம் வரை நடந்து வந்ததற்கு அந்த ஊர் சாட்சி.

கோதுமையை மாவாக்கும் பிரிமா ஆலை 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து குருநாகல் பக்கம் வருகிற பிரதான வீதிதான் கலேவெல நகரத்தின் நடுவே ஓடுகிறது. உலகச் சந்தையில் கோதுமையோ டொலரோ அசைந்தால் இங்கே பாணின் விலை அசையும். 1994 தேர்தலில் 3 ரூபா 50 சதத்துக்குப் பாண் என்ற வாக்குறுதி ஒரு ஆட்சி மாற்றத்தோடு சேர்த்து நினைவில் நிற்கிறது. 2022 நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் எரிபொருளும் ஒரே நேரத்தில் தட்டுப்பட, ஒரு இறாத்தல் பாண் 200 ரூபாவைத் தாண்டியது. விலை ஏறும்போது எடை குறைகிற பழக்கம் வந்ததால், 2024இல் ஒரு பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று நுகர்வோர் அதிகாரசபை வரையறுத்தது.

எடைக்குச் சட்டம் வந்தது நல்லது. ஆனால், தரத்தைத் தராசு காட்டாது. மாவைப் பொங்க விடும் நேரம் குறையக் குறைய வாசனை குறைகிறது. ஈஸ்ட்டையும் மேம்படுத்தியையும் கூட்டிப் போட்டால் மா சீக்கிரம் எழும். 450 கிராமும் சரியாக இருக்கும். சுவை மட்டும் வெறுமையாக இருக்கும். ஈஸ்ட் பைக்கற்றில் வராத காலத்தில் நம் நாட்டில் கள்ளை ஊற்றிப் பாண் மாவைப் பொங்க வைத்தார்கள். கள்ளில் ஈஸ்ட்டும் புளிப்பை உண்டாக்கும் பக்டீரியாவும் சேர்ந்தே இருக்கின்றன. ஜேர்மன் புளிமாவில் இருப்பதும் அந்தக் கூட்டணிதான். அப்பத்தின் ஓரத்தில் இன்றும் நாம் ரசிக்கிற அந்த இளம்புளிப்பு ஒரு காலத்தில் பாணிலும் இருந்திருக்கிறது.

சீனிச்சம்பல் பணிஸ்: ஊரின் கையெழுத்து

மா வெளியூர்ச் சரக்கு என்றால், கலேவெலவின் சொந்தச் சரக்கு எங்கே? சீனிச்சம்பல் பணிஸைப் பிளந்து பாருங்கள்.

தம்புள்ளையும் கலேவெலவும் சூழ்ந்த இந்தப் பகுதி நாட்டின் பெரிய வெங்காயத்துக்குப் பேர்போனது. சிறுபோகத்து அறுவடைக் காலத்தில் வீதியோரமெங்கும் சிவப்புவலைச் சாக்குகள் அடுக்கிக் கிடக்கும். அந்த வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, எண்ணெயில் பொறுமையாக வதக்க வேண்டும். நீர் வற்றி, கண்ணாடிபோலாகி, பிறகு கபில நிறத்துக்குத் திரும்பும்வரை தீயைக் கூட்டக் கூடாது. ரம்பை, கறிவேப்பிலை, கறுவாப் பட்டை, ஏலம், கராம்பு, இடித்த மாசி, மிளகாய்த்தூள், புளி எல்லாம் அதற்குள் போகும், கடைசியில்தான் சீனி. கறுவாவும் ஏலமும் கராம்பும் மாத்தளை மாவட்டத் தோட்டங்களின் விளைச்சல்.

நல்ல சீனிச்சம்பல் பணிஸில் இனிப்பு முதலில் வரும், உறைப்பு பின்னால் வரும், மாசியின் கடல் வாசனை கடைசிவரை நிற்கும். வெங்காயத்தின் ஈரம் பணிஸின் அடிப்பாகத்தை நனைத்துவிடக் கூடாது; அந்த இடத்தில்தான் செய்பவரின் கைத்திறன் தெரியும். வெங்காயத்தை முழுதாக வற்ற வைக்காமல் சீனியைக் கொட்டினால் பணிஸின் அடி கூழாகிவிடும். ரை ஜேர்மன் பாணுக்கு எப்படியோ, பெரிய வெங்காயம் கலேவெலப் பணிஸுக்கு அப்படி. எனக்குப் புள்ளி போடச் சொன்னால், இந்த ஊரின் முதல் மரியாதை இதற்கே.

கிம்புலா பணிஸ் குழந்தைகளின் சொத்து. மாவை நீட்டித் தேய்த்து, மாஜரின் தடவிச் சுருட்டி, முதலை வடிவம் கொடுத்து, மேலே சீனியைத் தூவிச் சுடுகிறார்கள். ஜேர்மனியின் ஹாம்பேர்க் துறைமுக நகரத்தில் இதற்கொரு உறவுக்காரர் உண்டு: பட்டரும் சீனியும் கறுவாத்தூளும் பூசிச் சுருட்டி நசுக்கிச் சுடுகிற பிரான்ஸ்புரோட்ஷன். மலிவான கசியா பட்டையில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம் என்று 2006இல் ஜேர்மன் அதிகாரிகள் எச்சரித்தார்கள். கூமரின் மிகக் குறைந்த நம் கறுவாவின் அருமை அப்போது பலருக்குத் தெரியவந்தது. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடும் கொடுத்தது. அவர்கள் தேடுகிற கறுவா நம் தோட்டத்தில் இருக்கிறது. சீனிச்சம்பலுக்குள் மணக்கும் அதைக் கிம்புலா பணிஸின் மடிப்புக்குள்ளும் தூவினால் மாத்தளைக்கென்றே ஒரு பலகாரம் பிறக்கும்.

வீட்டு வாசலுக்கு வரும் இசை

நகரத்துக்கு வராதவர்களுக்கும் பாண் போய்ச் சேர்கிறது. காலையிலும் மாலையிலும் ஒழுங்கைகளுக்குள் நுழைகிற சூன் பாண் முச்சக்கர வண்டி பீத்தோவனின் ‘ஃபியூர் எலிசே’யை ஒலித்துக்கொண்டே வரும். ஜேர்மனியின் பொன் நகரில் 1770இல் பிறந்தவர் 1810இல் எழுதிய இசை அது. அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 1867இல்தான் அச்சேறியது. இன்று அதைக் கேட்டதும் நம் பிள்ளைகள் பணிஸ் வாங்கச் சில்லறை கேட்கிறார்கள். முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு இருக்கிற தாய்மாருக்கும் அந்த வண்டி பெரும் உதவி. நோன்பு மாதத்தில் பேக்கரியின் அலுமாரியும் மாறிவிடும்; பிற்பகலில் சமோசா, பட்டிஸ், ரோல்ஸ் அடுக்கப்பட்டு, மஃரிபுக்கு முன்னால் காலியாகும்.

நாக்கின் கையில் இருக்கிறது

ஜேர்மனியிலும் எல்லாம் செழிப்பாக இல்லை. 1950களில் மேற்கு ஜேர்மனியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட கைவினைப் பேக்கரிகள் இருந்தன. இன்று முழு நாட்டிலும் 10,000க்குக் குறைவு. சுப்பர்மார்க்கெட்டின் மலிவுப் பாணோடு போட்டி போட முடியாமல் மூடியவை ஏராளம். மிஞ்சியவற்றைக் காப்பாற்றுவது, வித்தியாசம் தெரிந்து வாங்குகிற வாடிக்கையாளர்கள்.

நாமும் அப்படி வாங்கலாம். எந்த நேரத்துக்குப் போறணை திறக்கிறது என்று கடையில் கேளுங்கள். அந்த நேரத்துக்குப் போங்கள். பாணை மூக்குக்கு அருகே பிடித்து முகர்ந்து பாருங்கள். மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாச்சத்து இறுகி, பாண் வெளியில் இருப்பதைவிட வேகமாகப் பழசாகும். நன்றாக இருந்தால், செய்தவரை அழைத்து, நானா, இன்றைய பாண் நல்லது என்று சொல்லுங்கள். நன்றாக இல்லாவிட்டால் அதையும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பேக்கரிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வரண்ட வலயத்துச் சேனைகளில் குரக்கன் விளைகிறது. கோதுமை மாவில் ஒரு பங்கு குரக்கன் மாவைச் சேர்த்து, ஓரிரவு புளிக்க விட்டுச் சுட்டுப் பாருங்கள். குரக்கனில் இழுவை இல்லாததால் பாண் அவ்வளவு உயராது. ஆனால், மண் வாசனையும் வயிற்றுக்கு நிறைவும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் கலேவெலக் குரக்கன் பாண் என்று எழுதி வையுங்கள். அதற்குப் பத்து இருபது ரூபா கூடக் கொடுக்க ஆள் இருக்கும். அந்த வரிசையில் நானும் நிற்பேன்.