பயிற்சிக்கூடங்களின் கதை – 11: எலிவேட்டர் நின்றால் ஷெல்லரும் நிற்க வேண்டும்

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல் வரத்து கூடியதும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகள் இராப்பகலாக ஓடும். குழியில் கொட்டிய நெல்லை ஓர் எலிவேட்டர் அள்ளி மேலே கொண்டுபோகும். தூசி தும்பைப் பிரிக்கும் கிளீனர், கல்லைப் பிரிக்கும் டீஸ்டோனர், உமியை உரிக்கும் ரப்பர் ரோல் ஷெல்லர், உரிபடாத நெல்லைத் திருப்பி அனுப்பும் செப்பரேட்டர், தவிட்டை எடுக்கும் பாலிஷர், குருணை பிரிக்கும் சல்லடை என்று வரிசையாக இயந்திரங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏற்றிவிட நடுநடுவே எலிவேட்டர்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார்.

ஷெல்லருக்கு அடுத்த எலிவேட்டர் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லர் மட்டும் தொடர்ந்து ஓடினால் சிறிது நேரத்தில் எலிவேட்டரின் அடிப்பெட்டி நிரம்பி, வாளிகள் அரிசிக்குள் புதைந்துவிடும். அதன்பின் பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும், சுற்றாது. பெட்டியைத் திறந்து கையால் வாரி வெளியே போட்டால்தான் வழி பிறக்கும். அதனால்தான் ஆலையில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கிளப்பும்போது வரிசையில் கடைசியாக இருக்கும் இயந்திரம் முதலில் கிளம்ப வேண்டும். நெல் அள்ளும் முதல் எலிவேட்டர் கடைசியில்தான். நிறுத்தும்போது இதற்கு நேர் எதிர். நடுவில் ஒன்று நின்றுபோனால் அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் தாமாகவே நின்றுவிட வேண்டும். பின்னால் இருப்பவை ஓடி, வயிற்றில் உள்ள சரக்கை வெளியேற்றிவிட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த முறையை ஆபரேட்டர் மனத்தில் வைத்திருந்தார். அசதியில் அவர் தவறினால் ஆலையும் தவறியது. இன்று அது கன்ட்ரோல் பேனலுக்குள் ஒயரிங்காக இருக்கிறது. அந்த ஒயரிங்கைச் செய்யவும், கெட்டால் கண்டுபிடிக்கவும் தெரிந்தவர் எப்படி உருவாகிறார் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நாட்டில் ஐ.டி.ஐ.க்களுக்கு அடித்தளமான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான் பக்கத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் இதில் நிறையப் பேர். அவர்கள் கையில் இருக்கும் பாடநூல் சென்னை கிண்டியில் உள்ள 'நிமி' என்ற தேசிய நிறுவனம் தயாரித்தது. ஜெர்மனியின் உதவியோடு 1986-ல் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. தியரிக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று என்று தமிழிலும் நூல் போடுகிறார்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் படத்தைப் போட்டு அதன் வேலையைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம், இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அதைத் தயாரித்தவர்களுக்கு நாம் போதிய நன்றி சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

மோட்டார் கன்ட்ரோலில் முதல் பாடம், மோட்டாரை நேரடியாகக் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். பலகையில் ஒரு காண்டாக்டர், கரண்ட் கூடினால் துண்டிக்கும் ஓர் ஓவர்லோடு ரிலே, பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். காண்டாக்டரின் காயிலுக்கு ஏ1, ஏ2 என்று இரண்டு முனை. ஃபேஸை ஃபியூஸ் வழியாக ரிலேயின் 95-96-க்கும், அங்கிருந்து சிவப்புப் பொத்தானுக்கும், பிறகு பச்சைக்கும், கடைசியில் ஏ1-க்கும் கொண்டுபோக வேண்டும். ஏ2-ல் நியூட்ரல். பச்சையை அழுத்தியதும் 'டக்' என்று காண்டாக்டர் இழுத்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். விரலை எடுத்ததும் நின்றுவிடும்.

"ஏன் தம்பி நின்னுபோச்சு?"

"விரலை எடுத்தா காயிலுக்கு சப்ளை கட்டாயிடுது சார்."

"எடுத்த பிறகும் ஓடணும்னா?"

எல்லாப் பயிற்சிக்கூடத்திலும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். காண்டாக்டரின் பக்கவாட்டில் 13, 14 என்று எண் போட்ட ஒரு துணை முனை இருக்கிறது. காண்டாக்டர் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து மூடும். அந்த இரண்டையும் பச்சைப் பொத்தானுக்குப் பேரலலாக இணைத்துவிட்டால், விரலை எடுத்த பின்னும் காண்டாக்டர் தன் காயிலுக்கான மின்சாரத்தைத் தன் வழியாகவே கொடுத்துக்கொள்ளும். இதற்கு ஹோல்டிங் என்று பெயர். இரண்டு துண்டு ஒயர்தான். இது புரியாமல் மனப்பாடம் செய்தவர் கடைசி வரை மனப்பாடத்திலேயே இருப்பார். புரிந்தவருக்கு அடுத்து வரும் எல்லாமே இதன் விரிவு.

இந்த இரண்டு ஒயரில் ஓர் உயிர்க்காப்பும் இருக்கிறது. கரண்ட் போனால் காண்டாக்டர் விட்டுவிடும், 13-14 திறந்துகொள்ளும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது வந்து பச்சையை அழுத்தாமல் மோட்டார் கிளம்பாது. கரண்ட் இல்லாத நேரத்தில் பெல்ட்டைச் சரிசெய்யக் கையை விட்டிருப்பவரை இதுதான் காப்பாற்றுகிறது.

அடுத்தது ஸ்டார் டெல்டா. மும்முனை மோட்டாரை நேரடியாகக் கிளப்பினால் முதல் சில நொடிகளில் வழக்கமான கரண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். சின்ன மோட்டாருக்குப் பாதகமில்லை. பாலிஷர் போன்ற பெரிய மோட்டார் அப்படிக் கிளம்பினால் ஆலையின் விளக்கெல்லாம் மங்கும். அதனால் முதலில் ஸ்டாரில் இணைக்கிறார்கள். மோட்டாரின் ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்தான் கிடைக்கும். லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். கூடவே சுற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே அரிசி நிறைந்திருக்கும் பாலிஷர் ஸ்டாரில் கிளம்பாமல் திணறுவது இதனால்தான். காலியாக வைத்துக் கிளப்ப வேண்டும். வேகம் வந்த பிறகு டைமர் டெல்டாவுக்கு மாற்றிவிடும். ஸ்டார் காண்டாக்டரும் டெல்டா காண்டாக்டரும் ஒருசேர இழுத்தால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று மோதி ஷார்ட் ஆகும். ஒன்று இழுத்திருக்கும்போது மற்றதன் காயிலுக்கு வழி அடைபட்டிருக்கும்படி அமைப்பதுதான் இன்டர்லாக்.

அரிசி ஆலையின் வரிசையும் இதே இன்டர்லாக்கின் இன்னொரு வடிவம். எலிவேட்டர் காண்டாக்டரின் துணை முனை ஒன்றை ஷெல்லர் காயிலுக்குச் செல்லும் ஒயரில் சீரிஸாக நுழைத்துவிட்டால் போதும். எலிவேட்டர் ஓடாமல் ஷெல்லர் கிளம்பாது. எலிவேட்டரின் ரிலே டிரிப் ஆனால் ஷெல்லர் நிற்கும். ஷெல்லர் நின்றதால் அதற்கு முந்தையது நிற்கும். கண் இமைக்கும் நேரத்தில் நெல் குழி வரைக்கும் வரிசையாக நின்றுவிடும். ஆனால் இந்த ஏற்பாடு காண்டாக்டரைத்தான் பார்க்கிறது, பெல்ட்டைப் பார்ப்பதில்லை. மோட்டார் ஓடி, பெல்ட் அறுந்து, எலிவேட்டர் மட்டும் நின்றால் பேனலுக்குத் தெரியாது. அதற்கு எலிவேட்டரின் தண்டிலேயே சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் வைக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தானாகக் கேட்கும் மாணவர் நல்ல எலக்ட்ரீஷியனாக வருவார்.

இங்கே காவிரி டெல்டா மாவட்டத்துக்கே உரிய ஒரு வேதனையைச் சொல்லியாக வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத வருடங்களில் குறுவைக்கு ஃபில்டர் பாயிண்ட் மோட்டார்தான் கதி. மும்முனை மின்சாரம் நேரம் பிரித்து வரும். மற்ற நேரத்தில் இருமுனைதான். பயிர் வாடும்போது விவசாயி என்ன செய்வார்? கண்டென்சர் போட்டு, இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுவார். ஓவர்லோடு ரிலே அடிக்கடி டிரிப் ஆனால் அதன் திருகைக் கூடுதல் ஆம்பியருக்குத் திருப்பிவிடுவார், அல்லது ரிலேயையே ஒதுக்கி நேராக இணைத்துவிடுவார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ரிலே உளறவில்லை. காயில் சூடாகிறது என்ற உண்மையைத்தான் சொல்கிறது. அதைக் கேட்காவிட்டால் அடுத்த நடை வைண்டிங் கடைக்குத்தான்.

வைண்டிங் கடைக்காரர் மோட்டாரைத் திறந்ததும் காயில் கருகியிருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஸ்டாரில் ஓடிய மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதிதுபோல இருந்தால் ஒரு ஃபேஸ் போய்த்தான் எரிந்திருக்கிறது. டெல்டாவாக இருந்தால் ஒன்று கருகி இரண்டு தப்பித்திருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் பாரம் கூடி எரிந்தது. எந்தப் புத்தகத்தைவிடவும் தெளிவான படம் அது. ஐ.டி.ஐ. மாணவர்களை ஒரு நாளாவது வைண்டிங் கடையில் உட்கார வைக்க வேண்டும்.

ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. 10 எச்.பி. மோட்டார் சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். டி.ஓ.எல். என்றால் ரிலேயை அதே 14-ல் வைக்கலாம். ஸ்டார் டெல்டாவில் ரிலே, மோட்டார் காயிலுக்குப் போகும் பாதையில் இருந்தால் அதில் 58 சதவீதம், அதாவது 8 ஆம்பியர் சொச்சம்தான் வைக்க வேண்டும். பெயர்த்தகட்டில் உள்ளதை அப்படியே வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத கதைதான்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தியது. ரோபோ, சி.என்.சி., பி.எல்.சி. எல்லாம் வந்திருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் பி.எல்.சி. வந்துவிட்டது, இனி ரிலே எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்துக் கட்டும் செலவு தாங்காமல் மாற்று வழி கேட்டது. டிக் மார்லியின் குழு மாடிகான் 084 என்ற பி.எல்.சி.யைக் கொடுத்தது. அதற்குக் கட்டளை எழுதும் முறையைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தின் வடிவிலேயே வைத்தார்கள். இன்றும் பி.எல்.சி.யின் லேடர் வரைபடத்தில் 13-14 ஹோல்டிங் அப்படியே இருக்கிறது. பலகையில் அதைக் கையால் இணைத்தவருக்குத் திரையில் அது தெரிந்த முகம்.

பயிற்சியில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். புது ஒயரிங் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். பழுது கண்டுபிடிக்கப் போதுமான அளவு கற்றுக்கொடுப்பதில்லை. ஆலையில் இரவு ஒரு மணிக்குப் பச்சையை அழுத்தினால் சத்தமே இல்லை. பழக்கமில்லாதவர் காயிலை மாற்றுவார், அப்புறம் பொத்தானை மாற்றுவார். தெரிந்தவர் மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலில் வைத்து, மறுமுனையால் ஃபியூஸிலிருந்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே போவார். 95-ல் 230, 96-ல் 230, சிவப்புப் பொத்தானுக்கு முன் 230, அதற்குப் பின் ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால் பொத்தானின் முனையில் தவிட்டுத் தூசி படிந்திருக்கும். சில சமயம் எலி கடித்த ஒயர். சப்ளையை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விடுவார்.

கோயம்புத்தூரில் 1937-லேயே டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மோட்டார் தயாரித்த ஜி.டி. நாயுடு, பின்னாளில் தொழிற்கல்வியில் இறங்கியபோதும் வருடத்தை நீட்டுவதைவிடப் பட்டறை வேலையைக் கூட்டுவதிலேயே குறியாக இருந்தார். டெல்டாவின் ஐ.டி.ஐ.க்களில் அவர் வழியில் ஒன்று செய்யலாம். ஆறு சிறிய மோட்டார்களை வைத்து ஓர் அரிசி ஆலையின் வரிசையை அப்படியே பயிற்சிக்கூடத்தில் அமைக்கலாம். காண்டாக்டரும் ரிலேயும் ஆலைகளில் கழித்துப் போட்டவையே போதும். வாரம் ஒரு நாள் ஆசிரியர் முதல் நாள் மாலையே அதில் ஒரு பழுதை வைத்துவிட்டுப் போக வேண்டும்: ஓர் ஒயரைக் கழற்றி, ஒரு ஃபியூஸை எடுத்து, அல்லது துணை முனைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி. காலையில் வரும் மாணவரிடம் "எலிவேட்டர் ஓடுது, ஷெல்லர் வரலை" என்று மட்டும் சொல்ல வேண்டும். வரைபடமும் மீட்டரும் அவர் கையில். மதிப்பெண் அதற்குத்தான்.