மொய் நோட்டில் ஒரு வம்சம்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே தேடலாக இருந்தது. 2002, 2005 பட்டியலில் நம் பெயர் உண்டா, இல்லையென்றால் அப்பா அம்மா பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று படிவம் கேட்டது. ஊத்துக்குளியை விட்டு திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் குடிபோனவர்கள், ஈரோடு மாவட்டத்துப் பட்டியலுக்குள் நுழைந்து தேட வேண்டியிருந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை ஊத்துக்குளி அங்கேதானே இருந்தது.

அப்படிப் பட்டியலைத் திறந்தவர்கள் அப்பா அம்மா பெயரைக் குறித்துக்கொண்டதோடு மூடிவிடவில்லை. வாக்காளர் பட்டியல் வீட்டு எண் வரிசைப்படி போவது. அப்பா பெயருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பெரியப்பா, கீழே எதிர்வீட்டு டெய்லர், அதற்கும் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போன அக்கா. அந்த அக்கா கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனார் என்று யோசித்தால் பதில் வராது. சிலர் அன்றைக்கே போனை எடுத்து ஊருக்குப் பேசியிருக்கிறார்கள். அரசாங்கக் காகிதம் ஒன்று, தான் கேட்காத கேள்வியைக் கிளப்பிவிட்டுப் போனது.

வேரைத் தேடுவதில் ஊத்துக்குளிக்காரருக்கு முதலில் வரும் குழப்பம் மாவட்டக் குழப்பம்தான். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் கோவையிலிருந்து பிரிந்த பெரியார் மாவட்டம் அப்பாவின் சான்றிதழில். பின்னால் அதுவே ஈரோடு மாவட்டம். பேரனின் சான்றிதழில் திருப்பூர். இன்றைக்கும் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது பெருந்துறைத் தொகுதியில். வீடு இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆவணங்கள் மட்டும் ஊர் ஊராகச் சிதறிக்கிடக்கின்றன. இது தெரியாமல் திருப்பூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் 1960-ஆம் வருடத்துக் காகிதத்தைக் கேட்டால், "இல்லீங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

கொங்கு நாட்டில் வம்சம் தேடுவது சுலபம் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. "எந்தூருங்க? என்ன கூட்டமுங்க?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே உறவுமுறை தெரிந்துவிடும் நாடு இது. வேளாளக் கவுண்டர்களுக்கு அந்துவன், காடை, தூரன், பயிரன் என்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி ஊர், குலதெய்வக் கோயில். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது. கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடும் நோட்டில் குடிபாட்டுக்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் ஊரும் இருக்கும். கல்யாணச் சீர் செய்யும் அருமைக்காரர் நாலு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வார். செப்பேடுகளையும் ஓலைப் பட்டயங்களையும் ஊர் ஊராக அலைந்து திரட்டிப் பதிப்பித்த புலவர் செ. இராசு 2023-ல் காலமானார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பட்டயங்களில் பாதி அடுப்புக்கோ கரையானுக்கோ போயிருக்கும்.

இத்தனையும் பெருமைக்குரியது. ஆனால் இந்த ஏற்பாட்டில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. தலைக்கட்டு வரி நோட்டில் இருப்பது ஆண்களின் பெயர் மட்டும். அப்பாருக்கு அப்பாரு, அவருக்கு அப்பாரு என்று ஏறிக்கொண்டே போகலாம். அம்மாயிக்கு அம்மா யார் என்று கேட்டால் கோயில் நோட்டு வாய் திறக்காது. இரண்டாவது, நிலமும் காணியும் இருந்தவர்களின் ஏற்பாடு இது. தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த மாதாரிக் குடும்பத்துக்கும், ஊருக்கு ஊர் மாறி வேலை செய்த ஒட்டருக்கும், கடை வைத்துப் பிழைக்க வந்தவருக்கும் இந்த நோட்டில் இடமில்லை. பாதிக் குடும்பத்தையும் பாதி ஊரையும் விட்டுவிட்டு எழுதும் வரலாற்றை முழு வரலாறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மொய் நோட்டை எடுங்கள் என்பதுதான்.

அது பெரும்பாலும் நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே "லாபம்". பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. 1960-களின் நோட்டு என்றால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். தாய்மாமன் மட்டும் பதினொன்றோ இருபத்தொன்றோ. செங்கப்பள்ளி, குன்னத்தூர், விஜயமங்கலம், படியூர், சென்னிமலை என்று ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், அந்தக் குடும்பம் மாட்டுவண்டியில் போய்வந்த உலகத்தின் எல்லை தெரிந்துவிடும். கோயில் நோட்டில் இல்லாதவர்கள் எல்லாம் இங்கே இருப்பார்கள். அம்மாயி பிறந்த ஊர்ச் சனம் ஒரே கட்டாக, அடுத்தடுத்த வரிகளில் வந்திருக்கும். ஒரே வண்டியில் வந்தவர்கள் ஒன்றாக நின்று எழுதியிருப்பார்கள். வாரா வாரம் வீட்டில் கடைந்த வெண்ணெயை எடைபோட்டு வாங்கிய வெண்ணெய்க்கடைக்காரர் இருப்பார். ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ரயில்வேக்காரர் இருப்பார். வாத்தியார், வைத்தியர், ஆசாரி. சொந்தமும் பழக்கமும் கலந்த ஊர் முழுசாக அங்கே உட்கார்ந்திருக்கும். எழவு வீட்டு மொய் நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கல்யாணத்துக்கு வராமல் இருந்த பகையாளிகூட சாவுக்கு வந்து பெயர் எழுதியிருப்பார்.

ஒரு சங்கடம் உண்டு. கொங்கில் மூத்த பேரனுக்கு அப்பாரு பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். கதித்தமலை வேலாயுதசாமி கண்ணெதிரே நிற்கிற ஊரில் வேலுச்சாமிகளுக்கும் பழனிச்சாமிகளுக்கும் பஞ்சம் ஏது? இன்னார் எந்த வேலுச்சாமி என்று பிரித்துச் சொல்ல, தோட்டத்துப் பெயரோ பட்டப்பெயரோ தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நோட்டையும் பெரியவரையும் சேர்த்து உட்கார வைக்காமல் இந்த வேலை நடக்காது.

அடுத்தது பத்திரம். பழைய கிரயப் பத்திரத்தில் விலையைப் பார்த்து வியந்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது செக்குபந்தியை. எழுதிக்கொடுக்கும் நிலத்துக்கு நான்கு எல்லை சொல்லும் பகுதி அது: இன்னார் காட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு, தென்வடல் இட்டேரிக்குக் கிழக்கு, இன்னாருக்குப் பாகப்பட்ட பூமிக்கு வடக்கு. ஒரு பத்திரத்தில் மூன்று பக்கத்துக்காரர்கள் கிடைப்பார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரத்தையும் பார்த்தால் அதற்கு அடுத்த வட்டம். ஐந்தாறு பத்திரங்களை அருகருகே விரித்தால் நாம் சின்ன வயதில் கிழுவை வேலி ஓரமாக நடந்து பள்ளிக்கூடம் போன பாதை அப்படியே திரும்பக் கிடைக்கும். அந்த இட்டேரி இன்றைக்குத் தார் ரோடாகவோ சைட் போட்ட நிலமாகவோ ஆகியிருக்கலாம். காகிதத்தில் அது இருக்கிறது.

வீட்டில் பத்திரம் இல்லையென்றாலும் வழியுண்டு. 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரம் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கும், பத்திர நகலுக்கும் பதிவுத்துறையில் மனுப் போட வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக் கணக்கு புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலவரம் அறிய பழைய 'அ' பதிவேடு வேண்டும். ஊர்க் கணக்கை வாயில் வைத்திருந்த மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரம்பரைப் பதவியை ஒழித்தது நியாயமான முடிவு. ஆனால் அதோடு, யாருடைய பங்கு யாருக்குப் போனது என்ற கதையும் அந்த வீடுகளின் அட்டாலிக்குப் போய்விட்டது.

பெண்களின் பெயர் எங்கே கிடைக்கும் என்றால், விடுதலைப் பத்திரத்தில். 1989-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் மணமாகாத மகள்களுக்கும், 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தன. அதற்குப் பிறகு நிலத்தை விற்க வேண்டுமானால் அக்கா தங்கைகள் கையெழுத்து வேண்டும். பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதும் அந்தப் பத்திரங்களில் "இன்னாரின் மகளும், இன்ன ஊர் இன்னாரின் மனைவியுமான" என்று ஒவ்வொருத்தியின் பிறந்த வீடும் புகுந்த வீடும் பதிவாகியிருக்கின்றன. வாரிசுச் சான்றிதழிலும் அப்படியே. உரிமையை விட்டுக்கொடுக்கும்போதுதான் இத்தனை பெண்களின் பெயர் முதல்முறையாகக் குடும்ப ஆவணத்தில் ஏறியது என்பதைப் படிக்கையில் மனசு வலிக்கிறது.

நிலமே இல்லாதவர்களுக்கு? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய ரேஷன் கார்டு, நத்தம் பட்டா, பனியன் கம்பெனியில் கொடுத்த பி.எஃப். சீட்டு. இவற்றில் பள்ளிப் பதிவேடு தங்கம். வயது தோராயமாக இருக்கும். வாத்தியார் போட்ட பிறந்த தேதிதான் ஊரில் பாதிப் பேருக்கு. ஆனால் அப்பன் பெயர், குடியிருப்பு, எந்த வகுப்பில் நின்றான் என்பதெல்லாம் இருக்கும். நின்ற வகுப்பைப் பார்த்தாலே அந்த வீட்டின் நிலைமை புரியும்.

காகிதத்தில் இல்லாததைப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு கிராமத்தின் சாதி அமைப்பையும் உறவு முறையையும் விரிவாக எழுதினார். 1972-ல் புத்தகமாக வந்தது. அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்ததும் அவர்தான். எங்கிருந்தோ வந்தவர் நம் ஊர்ப் பெரியவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். பேரன் பேத்திகளான நமக்கு அந்தப் பொறுமை ஏன் வரவில்லை?

ஊரைவிட்டு ஏன் போனோம் என்பதும் குடும்ப வரலாறுதான். 1862-லேயே சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரை வரை ரயில் ஓடியது. ஊத்துக்குளி அந்தப் பாதையில் இருக்கிறது. அடுத்த ஊரான திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, கிணறு வற்றிய தோட்டத்துப் பிள்ளைகள் ரயிலேறிப் போய் கைமடிக்கவும், பவர் டேபிளில் உட்காரவும் கற்றார்கள். சிலர் முதலாளி ஆனார்கள். தென்கிழக்கே நொய்யலில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கு வந்த தண்ணீரே நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஆற்றோரம் வெள்ளாமை பார்த்த குடும்பங்களும் எருமையை விற்றுவிட்டு டவுனுக்குப் போயின. எருமை வைத்திருந்த கட்டுத்தரைகள் இருந்த காலத்தில் ஊத்துக்குளி வெண்ணெய் ஊர்ப் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது. இன்று பல வீடுகளில் அந்தக் கட்டுத்தரை வாடகைக்கு விட்ட லைன் வீடு.

அந்த லைன் வீடுகளில் தேனிப் பக்கத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகார் பிள்ளைகளும் வளர்கிறார்கள். கதித்தமலைத் தேரை வேடிக்கை பார்த்து, நம் பள்ளியிலேயே தமிழ் படிக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து, பால்ய ஊர் எது என்று கேட்டால் அவர்கள் ஊத்துக்குளி என்றுதான் சொல்வார்கள். அவர்கள் தேடி வரும்போது கிடைக்க நிலப் பத்திரமும் இருக்காது, கோயில் நோட்டும் இருக்காது. பள்ளிப் பதிவேடும், ஆண்டு முடிவில் எடுக்கும் வகுப்புப் போட்டோவும்தான் அவர்களுக்கான ஆதாரம். போட்டோவின் பின்புறம் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி வைக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கோ குலதெய்வம் கோயில் பொங்கலுக்கோ வந்தால், காரிலேயே திரும்பிவிடாமல் ஓர் இரவு தங்குங்கள். அத்தை, பெரியம்மா, அம்மாயி யார் இருக்கிறார்களோ அவர்களோடு உட்காருங்கள். மொய் நோட்டைப் பிரித்துப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பண்ணையத்தில் இருந்தவர்களின் பெயரையும் அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கே என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வம்சாவளி எழுதும்போது பெண்கள் பெயரை, பிறந்த ஊரோடு, முதல் வரியிலிருந்தே எழுதுங்கள். மொய் நோட்டைப் பழைய பேப்பர்க்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.